எட்டுப் படி மலை: கயிலைப் பாதையும் நின்று ஏறும் வழக்கமும்

தலைநகரில் வாழும் தமிழன்பர்களில் பலருக்குக் கயிலை யாத்திரை என்பது பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி. இந்திய அரசு நடத்தும் யாத்திரை டெல்லியில்தான் தொடங்குகிறது. மருத்துவப் பரிசோதனை, கடவுச்சீட்டு வேலைகள் எல்லாம் இங்கேதான். தென்னாட்டிலிருந்து வரும் அன்பர்கள் நம்மில் பலர் வீட்டில் தங்கிப் போயிருக்கிறார்கள். அந்தப் பாதையின் பக்திச் சிறப்பைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. உயர்ந்த மலையில் ஒரே மூச்சில் ஏறக்கூடாது, நின்று நின்று ஏற வேண்டும் என்ற அறிவை மனிதன் எப்படிப் பெற்றான், அதற்கு என்ன விலை கொடுத்தான், இன்று அதை எப்படி மறந்துகொண்டிருக்கிறான் என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியன் அல்லன். பாத்திரக் கடை வைத்திருப்பவன். இரவு கடையைப் பூட்டிய பிறகு படித்ததும், 2011-ஆம் ஆண்டு அந்த வழியே நடந்தபோது கண்டதும்தான் என் மூலதனம்.

1. பெயரிலேயே படி

எங்கள் சமண மரபில் முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர் என்னும் விருஷபதேவர். அவர் வீடுபேறு அடைந்த இடம் கயிலாயகிரி என்று ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் தொடங்கிய மகாபுராணம் கூறுகிறது. அதே வரலாற்றைத் தமிழ்ச் சமணர் மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணம் வழியாகப் படித்து வந்தோம். சுவேதாம்பரர் அந்த மலையை அஷ்டாபதம் என்பார்கள். ஏன் அந்தப் பெயர்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் ஒரு காரணம் சொல்கிறார். விருஷபரின் மகன் பரதச் சக்கரவர்த்தி அந்த மலையை எட்டுப் படிகளாக வெட்டினாராம். ஒவ்வொரு படியும் ஒரு யோசனை உயரம். அதனால் எட்டுப் படி மலை.

இதன் தொடர்ச்சியாக இன்னொரு கதையும் உண்டு. ஐந்நூறு ஐந்நூறு பேராக மூன்று கூட்டத் தவசிகள் அந்த மலையில் ஏற முயன்றார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டவர்கள் முதல் படியோடு நின்றார்கள். அதற்கு மேல் நோன்பு பழகியவர்கள் இரண்டாம் படி வரை போனார்கள். அதனினும் கடுமையாகப் பழகியவர்கள் மூன்றாம் படியைத் தொட்டார்கள். அவரவர் பழக்கம் எவ்வளவோ அவ்வளவே ஏற்றம்.

புராணத்துக்குள் விஞ்ஞானத்தைத் தேடும் பழக்கம் எனக்கு இல்லை. ஹேமசந்திரருக்குப் பிராணவாயுக் கணக்கு தெரியும் என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் கதை பேசுவது தவத்தின் படிகளை. ஆனால் உயர்ந்த மலை என்றால் படிப்படியாகத்தான், பழகியவனுக்குத்தான் என்ற எண்ணம் அந்தக் காலத்து மனதில் இருந்தது என்பது மட்டும் தெளிவு.

நம் சைவ அன்பர்களுக்கும் இது புதிதல்ல. சேக்கிழார் சொல்லும் அப்பர் வரலாற்றில், எங்கள் சமணத்தில் தருமசேனராக இருந்து சைவத்துக்குத் திரும்பிய அந்தப் பெரியவர், முதுமையில் கயிலைக்கு நடக்கிறார். கால் தேய்கிறது, கை தேய்கிறது, உடம்பால் புரண்டு போகிறார். முடிவில் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுகிறார். மனம் தயாராக இருந்தாலும் உடம்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதைத் தமிழன் அப்போதே எழுதி வைத்திருக்கிறான்.

2. ஆடு காட்டிய வேகம்

இந்த வழி அடியார்களுடையது மட்டுமல்ல. வியாபாரிகளுடையதும்கூட. குமாவோன் மலைநாட்டில் தார்ச்சூலாவுக்கு மேலே உள்ள வியான்ஸ் பள்ளத்தாக்கு மக்கள், கர்பியாங், குஞ்சி, குட்டி முதலிய ஊர்க்காரர்கள், தலைமுறை தலைமுறையாகத் திபெத்தோடு வணிகம் செய்தவர்கள். இங்கிருந்து தானியம், துணி, வெல்லம் போகும். அங்கிருந்து உப்பு, வெண்காரம், கம்பளி வரும். லிப்புலேக் கணவாயைத் தாண்டித் தக்லாக்கோட் சந்தையில் பண்டமாற்று.

சரக்கைச் சுமந்தவை செம்மறியாடும் வெள்ளாடும். முதுகின் இரு பக்கமும் சிறு பைகள். ஓர் ஆடு பத்துக் கிலோ அளவுதான் சுமக்கும். ஆகவே நூற்றுக்கணக்கில் மந்தை. ஆடு மேய்ந்துகொண்டே ஏறும், அவசரப்படுத்த முடியாது. குளிர்காலத்தில் தாழ்வான தார்ச்சூலாப் பக்கம், கோடை தொடங்கினால் மேல் ஊர்கள், பனி உருகிய பிறகே கணவாய் என்று அவர்கள் ஆண்டுக் கணக்கே படிப்படியாக அமைந்தது. வாரக்கணக்கில் உயர உயரப் போகும் உடம்பு தானாகப் பழகிக்கொள்கிறது. அவர்கள் இதை மருத்துவமாக நினைத்துச் செய்யவில்லை, பிழைப்புக்காகச் செய்தார்கள். வியாபாரியாகிய எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு.

பக்கத்து ஜோஹார் பள்ளத்தாக்கின் மிலம் ஊரைச் சேர்ந்த நயின் சிங் 1865-66-இல் பிரிட்டிஷ் நில அளவைத் துறைக்காக இரகசியமாகத் திபெத்துக்குள் போனார். நூறு மணி கோத்த செபமாலையை உருட்டி, ஒரே அளவில் அடி வைத்து, அடிகளை எண்ணியே தூரம் கணக்கிட்டார். அவ்வளவு உயரத்தில் மாறாத ஒரே நடை என்பது மலையில் பிறந்து வளர்ந்தவனால்தான் முடியும்.

3. விஷக்காற்று என்ற பெயர்

பழகாமல் ஏறியவர்களுக்கு நேர்ந்ததும் பழைய ஏடுகளில் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் சீன அதிகாரி ஒருவர், மேற்கே போகும் மலை வழியில் பெரிய தலைவலி மலை, சிறிய தலைவலி மலை என்று இரண்டு உண்டு என்றும், அங்கே மனிதனுக்கு முகம் வெளிறித் தலைவலியும் வாந்தியும் வரும், கழுதைக்கும் வரும் என்றும் எச்சரித்தார். திபெத்தியர் இதைக் கணவாய் விஷம் என்ற பொருளில் லாடுக் என்றார்கள். இமயத்தின் இந்தியப் பக்கத்தில் பிஸ், அதாவது விஷம். மலைப்பூக்களின் வாசனையே தலையைச் சுற்ற வைக்கிறது என்று நம்பினார்கள். 1812-இல் கோசாயிகள் போல வேடமிட்டு நீதிக் கணவாய் வழியே மானசரோவர் போன மூர்கிராப்ட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர், சில அடிக்கு ஒருமுறை மூச்சுக்காக நிற்க வேண்டியிருந்ததை எழுதியிருக்கிறார்.

தென் அமெரிக்க ஆண்டிஸ் மலையில் இதே துன்பத்தைப் பட்ட அகோஸ்டா என்ற பாதிரியார், காற்று மிக மெல்லியதாக இருப்பதே காரணம் என்று 1590-இல் எழுதினார். 1878-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர் சோதனை மூலம் அதை உறுதி செய்தார். காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கும் ஏறக்குறைய நூற்றுக்கு 21தான். ஆனால் உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. சுமார் 18,000 அடியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. அதே மூச்சில் பாதிச் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு இதைச் சமாளிக்கப் பல வழி வைத்திருக்கிறது. முதலில் மூச்சு வேகமாகிறது. அதனால் இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. சிறுநீரகம் சில நாட்களில் அதைச் சரிசெய்கிறது. சிவப்பணுக்கள் பெருகுவதற்கு வாரக்கணக்கு ஆகும். இந்த வேலைகளுக்கு நாள் கொடுப்பதற்குத்தான் நின்று ஏறுவது. நாள் கொடுக்காவிட்டால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. அதையும் மீறி ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். இரண்டும் உயிரை வாங்குபவை.

4. 1962 கற்றுத் தந்தது

1954-இல் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வியாபாரிகளும் யாத்ரிகர்களும் போகலாம் என்று குறிக்கப்பட்ட கணவாய்களில் லிப்புலேக்கும் ஒன்று. 1962 போரோடு அந்த வழி அடைபட்டது. மேல் ஊர்களில் வியாபாரம் படுத்தது. பல குடும்பங்கள் கீழே இறங்கி வேறு வேலை தேடின.

அந்தப் போர் இன்னொன்றும் செய்தது. சமவெளியில் இருந்த ஆயிரக்கணக்கான வீரர்கள் பழகிக்கொள்ள நாளின்றி மிக உயர்ந்த இடங்களுக்குப் போக நேர்ந்தது. குண்டு படாமலே விழுந்தவர்கள் பலர். அவர்களைப் பார்த்த நம் இராணுவ மருத்துவர்கள் எழுதியவை உலக மருத்துவத்துக்கே பாடமாயின. லே நகரில் நுரையீரல் நீர்க்கோவைக்குச் சிகிச்சை தந்த அனுபவத்தை மேனன் என்ற மருத்துவர் 1965-இல் வெளியிட்டார். 1969-இல் இந்தர் சிங்கும் அவருடைய தோழர்களும் 1,925 வீரர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். உயரத்தில் பழகுவதற்கு இராணுவம் இன்று வைத்திருக்கும் கணக்கு இது: 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் மறுபடி நான்கு நாள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் வீடு திரும்பாத ஒரு பிள்ளை இருக்கிறான் என்று நினைத்தே நான் அதைப் படிக்கிறேன்.

5. நடந்த வழி

1981-இல் யாத்திரை மீண்டும் தொடங்கியது. குழுவாகத்தான் போக வேண்டும், கூடவே அரசு தொடர்பு அலுவலர், வழிகாட்டி, சுமைக்காரர், குதிரைக்காரர், மருத்துவர். நாங்கள் போன 2011-இல் தார்ச்சூலாவுக்கு மேலே சிறிது தூரம் ஜீப், பிறகு கால்நடை. தார்ச்சூலா 3,000 அடி. சிர்க்கா, காலா, பூதி ஆகிய மூன்று இரவுகளும் 8,000, 9,000 அடிக்குள்ளேயே கழியும். நாள் முழுக்க ஏறி இறங்குவோம், ஆனால் படுக்கும் உயரம் அதிகம் மாறாது. நான்காம் நாள் குஞ்சி, 10,000 அடிக்கு மேல். அங்கே ஒருநாள் கட்டாய ஓய்வும் மறுபரிசோதனையும். அடுத்து நாபிதாங் சுமார் 14,000 அடி, கணவாய் சுமார் 17,000 அடி. அந்த எகிறல் பெரிது. அதனால்தான் குஞ்சியில் அத்தனை கண்டிப்பு.

பத்தாயிரம் அடிக்கு மேலே படுக்கும் உயரத்தை ஒருநாளைக்கு சுமார் 1,600 அடிக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ விதி. மேலே ஏறினாலும் கீழே வந்து படு என்பது மலையேறுவோர் வழக்கு. லிப்புலேக்கை விடியலில் தாண்டி, சுமார் 13,000 அடி உள்ள தக்லாக்கோட்டுக்கு இறங்கிப் படுத்தோம். அங்கே முத்திரை, பணமாற்று என்று நாட்கள் போயின. குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள். அந்தத் தாமதம்தான் பின்னால் 18,500 அடி டோல்மா கணவாயில் எங்கள் மூச்சைக் காத்தது.

குஞ்சியில் எங்கள் குழுவில் ஒருவர் நிறுத்தப்பட்டார். மதுரைப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர். இரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. "ஐயா, இவ்வளவு தூரம் வந்துட்டேன். உயிர் போனாலும் அவன் காலடியில போகட்டும்" என்று மருத்துவரிடம் கெஞ்சினார். இந்தி வராததால் நான்தான் மொழிபெயர்த்தேன். மருத்துவர் சின்ன வயசுப் பையன். அமைதியாகச் சொன்னார்: "உங்களைத் தூக்கிவர எட்டுப் பேர் வேண்டும். அவர்கள் உயிர் யார் கணக்கு?" அதை நான் தமிழில் சொன்னதும் பெரியவர் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் குதிரையில் கீழே இறங்கினார். அடுத்த ஆண்டு, தினமும் காலை நடை, உப்புக் குறைவு, மாத்திரை என்று ஒழுங்காக இருந்து மறுபடி விண்ணப்பித்து, சுற்றி முடித்து, டெல்லியில் என் கடைக்கு வந்து ஒரு செம்பு மானசரோவர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

6. சாலை வந்த பிறகு

2020 மே மாதம் லிப்புலேக்கை நோக்கிய மோட்டார் சாலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு நோய்த்தொற்றால் யாத்திரை நின்று, 2025-இல் மீண்டும் தொடங்கியது. லிப்புலேக் வழியே 50 பேர் கொண்ட ஐந்து குழுக்கள், சிக்கிமின் நாதுலா வழியே பத்துக் குழுக்கள் என்று ஏற்பாடானது.

சாலையை நான் குறை சொல்லமாட்டேன். 1998 ஆகஸ்டில் மால்பாவில் மலை சரிந்தபோது 60 யாத்ரிகர்கள் உட்பட 200-க்கும் மேற்பட்டவர் மாண்டார்கள். பழைய நடைபாதையின் ஆபத்து அது. மேல் ஊர்களுக்குச் சாலை பெரிய வரம். ஆனால் கால் ஒரு வாரத்தில் செய்ததைச் சக்கரம் ஒரு நாளில் செய்துவிடுகிறது. உடம்புக்கு அது தெரியாது. சிறுநீரகம் ஜீப்பில் ஏறி வேகமாக ஓடாது. ஆகவே முன்பு தூரம் கொடுத்த தாமதத்தை இப்போது நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். 2025 ஏற்பாட்டில் குஞ்சியிலும் நாபிதாங்கிலும் இரண்டிரண்டு இரவு தங்க வைத்தது இதற்குத்தான். சாலை வந்தும் படி போகவில்லை.

கவலை வேறு இடத்தில். தனியார் ஏற்பாட்டில் நேபாளம் வழியே வண்டியிலும் ஹெலிகாப்டரிலும் சில நாட்களில் மேலே போய்விடுகிறார்கள் நம்மவர்கள், அதிலும் அறுபது எழுபது வயதானவர்கள். ஒருநாள் குறைந்தால் இத்தனை ரூபாய் மிச்சம் என்ற கணக்கு அதில் இருக்கிறது. வியாபாரியாகச் சொல்கிறேன், அந்தக் கணக்கில் முதலே போய்விடும்.

போக நினைக்கும் நம் சங்க அன்பர்கள் மூன்று கேள்வி கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். பத்தாயிரம் அடிக்கு மேல் ஓய்வு நாள் எத்தனை? ஒவ்வோர் இரவும் படுக்கும் உயரம் என்ன? ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் உடனே கீழே இறக்க வண்டியும் ஆளும் உண்டா? தலைவலியோடு மேலே போகாதீர்கள். மறைக்காதீர்கள். பெரியவர்களைத் தனியே அனுப்பாதீர்கள்.

கயிலைச் சிகரத்தில் இதுவரை மனிதன் ஏறியதில்லை. பௌத்தர், பொன் மதத்தினர், சைவர், சமணர் என்று எல்லோரும் அதைச் சுற்றித்தான் வருகிறார்கள். மலையின் மேல் நிற்க வேண்டும் என்ற ஆசையே இல்லாத வழி அது. அங்கே அவசரப்பட்டு யாரை முந்தப் போகிறோம்?