அந்த கேசட் ஏன் விலை கூட?

தொண்ணூறுகளில் ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு டிவியில் மாட்டி விளையாடியது, 1983-ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல் பெட்டி. கேசட்டில் "9999 இன் 1" என்றிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே பத்துப் பதினைந்து ஆட்டம், வேறு வேறு பெயரில். மரியோ 3 கேட்டேன். "அது வெல கூட தம்பி"ன்னுட்டார் கடைக்காரர். ஏமாத்துறார்னே நினைச்சேன்.

இப்போதுதான் கணக்கு புரிகிறது. அந்தப் பெட்டியின் 8 பிட் பிராசஸர், கேசட்டிலிருந்து வழக்கமாக ஒரு நேரத்தில் 32 கேபி நிரலைத்தான் பார்க்கும். 1985-ன் சூப்பர் மரியோ பிரதர்ஸ் நிரல் 32, படங்கள் 8. மொத்தமே 40 கேபி. கூடுதல் சிப் தேவையில்லை. 1988-ல் வந்த மரியோ 3-க்கு 384 கேபி. நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தர, எம்எம்சி3 என்ற சிப்பை கேசட்டுக்குள்ளேயே வைத்தார்கள்.

இன்றைய எவர்டிரைவ் ஃபிளாஷ் கேசட்டில் இருப்பது எஃப்பிஜிஏ. ஆட்டத்தை ஏற்றும்போது அதுவே எம்எம்சி3 ஆகும். கேட்டால், மூன்று ஒலித்தடங்கள் கூட்டித் தரும் கோனாமியின் விஆர்சி6 ஆகவும் மாறும்.

பையன் அதில் மரியோ 3 ஆடுகிறான். கடைக்காரர் சொன்னது நிஜம்தான். அந்தக் கூடுதல் விலையில் ஒரு சிப்பும் இருந்தது.