பறவைப் பெயர்களிற் பொதிந்த வரலாறு

பெயர்கள் இடுகுறியாலும் காரணத்தாலும் அமையும் என்பது நம் இலக்கண நூலார் கண்ட முடிபு. மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. வேற்றாள் வரவைக் கூவி உணர்த்துவது ஆள்காட்டி. நத்தையைக் குத்தி உண்பது நத்தைகுத்தி நாரை. இவை கேட்ட அளவிலே பொருள் விளங்கும் காரணப் பெயர்கள். விஞ்ஞானிகள் பறவைகளுக்கு இட்டு வழங்கும் இலத்தீன் பெயர்களோ நம் மாணவர்க்கு வாயில் நுழையாத வெற்றொலிகளாகவே தோன்றுகின்றன. அவையும் காரணம் பற்றி எழுந்தவையே என்பதையும், அக்காரணங்களுள் நம் நாட்டு வரலாற்றின் ஒரு பகுதி பொதிந்து கிடக்கின்றது என்பதையும் ஈண்டு ஒரு சிறிது ஆராய்வாம்.

உயிரினத்துக்கு இரு சொற்களால் ஆகிய பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயசு. விலங்குகளையும் பறவைகளையும் பொறுத்தவரை, 1758ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்பே இம்முறைக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. சாரைப்பாம்பு என்னும் இருபெயரொட்டில் பாம்பு என்பது பொதுப்பெயர். சாரை என்பது சிறப்புப்பெயர். நாம் சிறப்புப்பெயரை முன்னும் பொதுப்பெயரைப் பின்னும் வைக்கிறோம். இலத்தீன் முறையிற் பொதுப்பெயர் முன்னும் சிறப்புப்பெயர் பின்னும் நிற்கும். வேறுபாடு இவ்வளவே.

சிறப்புப்பெயர் உருவம் பற்றி வரலாம். நத்தைகுத்தி நாரையின் அலகுகள் இடையிற் பொருந்தாமல் திறந்திருக்கும். அதனைக் கண்டவர் 'ஒசிற்றன்சு', அஃதாவது கொட்டாவி விடுவது, என்று பெயரிட்டனர். நாம் அதன் தொழிலை நோக்கிப் பெயரிட்டோம். அவர்கள் அதன் தோற்றத்தை நோக்கினர். இடம் பற்றியும் பெயர் வரும். 'சிலோனென்சிசு' என முடிவன எல்லாம் இலங்கைக்கு உரியன என்னும் பொருளின. ஆள் பற்றியும் பெயர் வரும். அப்போது ஆணின் பெயரோடு 'இ' என்னும் விகுதியும், பெண்ணின் பெயரோடு 'ஏ' என்னும் விகுதியும் சேரும். இவை நம் ஆறாம் வேற்றுமை உருபைப் போன்று 'இன்னாருடையது' என்னும் பொருளைத் தருவன.

காரணம் பிழையாயினும் பெயர் மாறுவதில்லை என்பது இத்துறையின் விதி. நியூகினித் தீவின் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற சுவர்க்கப் பறவையின் தோல்கள் கால்கள் நீக்கப்பட்டிருந்தன. லின்னேயசு அதற்குக் 'காலில்லாதது' எனப் பொருள்படும் 'அப்போடா' என்னும் பெயரைச் சூட்டினார். பறவைக்குக் கால்கள் உண்டு என்பது நன்கு தெரிந்த பின்னரும் அப்பெயரே நின்றது. நம் தோட்டங்களிற் பாடித் திரியும் குண்டுக் கரிச்சானின் சிறப்புப்பெயர் 'சௌலாரிசு' என்பது. இதனைச் சூரியனைக் குறிக்கும் சொல்லின் எழுத்துப் பிழை என்று பலர் நெடுங்காலம் எண்ணினர். உண்மையில் அது நூறு பாட்டு எனப் பொருள்படும் இந்துத்தானிச் சொல் என்று பின்னர் விளக்கப்பட்டது. சென்னையில் இருந்த எட்வேட் பல்க்கிலி என்னும் வைத்தியர் அப்பெயருடனேயே ஒரு பறவையை இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். ஆகவே, இப்பெயர்கள் காரணத்தாற் பிறந்து இடுகுறியாய் நிலைப்பன என்க. பிறந்த காரணத்தைத் தேடுவது வரலாற்று மாணவனின் கடமையாகும்.

இனி இலங்கைக்கு வருவோம். 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தரின் தேசாதிபதியாக இங்கு ஆட்சி செய்தவர் யோன் கிடியன் லோட்டன். அவர் இந்நாட்டுப் பறவைகளை ஓவியமாக எழுதுவித்தார். நீண்டு வளைந்த அலகையுடைய தேன்சிட்டு ஒன்றுக்கு லின்னேயசு 1766இல் அவர் பெயரையே சூட்டினார். அவ்வோவியங்களை ஆதாரமாகக் கொண்டே பென்னந்து என்னும் ஆங்கிலேயர் 1769இல் செம்முகப் பூங்குயில் முதலியவற்றுக்குப் பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார். ஓவியங்களை வரைந்தவரோ இலங்கையிற் பிறந்த பீற்றர் கோர்னேலிசு டி பெவெரே. எழுதுவித்தவர் பெயர் தேன்சிட்டில் நிலைத்தது. எழுதிய கையின் பெயர் அதில் இடம்பெறவில்லை.

அடுத்தது ஆங்கிலேயர் காலம். மலைகளைக் காப்பித் தோட்டங்கள் மூடிய அக்காலத்திற் பறவை ஆராய்ச்சியும் பெருகியது. இலங்கையிற் பிறந்த பறங்கியரும் இராணுவ வைத்தியருமான கேலார்ட், 1852இல் இந்நாட்டு விலங்குகள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். மலைநாட்டுத் தினைக்குருவி ஒன்றும், 1878இல் லெக் என்பவர் பெயரிட்ட கழுகு ஒன்றும் கேலார்டின் பெயரைத் தாங்குகின்றன. உயர்ந்த மலைகளின் காட்டு ஓடைகளில் வாழும் நீலநிறச் சீழ்க்கைப் பறவைக்கு 1872இல் 'பிளையி' என்னும் பெயர் இடப்பட்டது. சாமுவேல் பிளை என்பவர் ஒரு காப்பித் தோட்டத் துரை. நம் நாட்டுக்கே உரிய பச்சைக்கிளி ஒன்றின் பெயர், லேயார்ட் என்னும் சிவில் உத்தியோகத்தரின் மனைவியாருடைய பிறந்தகத்துக் குலப்பெயராகிய கால்திறப் என்பதிலிருந்து வந்தது.

இவ்வரிசையைப் படித்துச் செல்வோர்க்கு, தேசாதிபதியும் இராணுவ உத்தியோகத்தரும் தோட்டத் துரையும் துரைசானியுமே பறவைகளோடு உறவு பூண்டவர் என்று தோன்றும். அவ்வெண்ணத்தை ஒரு சிறு பறவை மறுக்கின்றது. சிட்டுக்குருவியளவினதாய், மண்ணிற மார்பும் பெரிய கண்ணும் உடையதாய், மர நிழலிலே தாழ்ந்த கிளையில் அமைதியாக இருந்து பூச்சி பிடிக்கும் பறவை அது. வடகிழக்கு இந்தியா, பர்மா, சீனம் முதலிய இடங்களிற் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. பருத்தித்துறையிற் கிடைத்த இப்பறவைக்கு 1854இல் பெயரிட்டவர் மேற்சொன்ன லேயார்ட். அவர் தம் பெயரையோ தமக்கு மேலோர் பெயரையோ இடவில்லை. தமக்காகப் பறவைகளைத் தேடிச் சேகரித்த பணியாள் முத்துவின் பெயரை இட்டார். இன்றும் அதன் விஞ்ஞானப் பெயர் 'மசிக்காப்பா முத்துயி' என்பதே. சொல்லுக்குச் சொல் தமிழாக்கின், முத்துவினது ஈபிடிப்பான் என்றாகும். ஆங்கிலத்தில் இதனை லேயார்டின் ஈபிடிப்பான் என்று வழங்கியதும் உண்டு. எசமானின் பெயர் அவ்வழக்கில் இருந்தது. பணியாளின் பெயரோ உலகம் எங்கும் வழங்கும் பெயரில் நிலைத்தது.

இச்செய்தியை ஹல்துமுல்லையில் என் வகுப்பிற் கூறியபோது, தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். "முத்து என்றால் எந்த முத்து, சேர்? அவருடைய அப்பா பேர் என்ன, எந்த ஊர்?" என்று கேட்டான். பறவையின் பெயரில் அவ்வளவுதான் உண்டு என்றேன். "அப்படியென்றால் அவருக்கு அரைப்பேர்தான் விழுந்திருக்கிறது" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. தோட்டங்களிலே ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பர். குறித்த அளவு கொழுந்து பறியாதவர்க்கு அன்று அரைப்பேர், சம்பளமும் பாதியே. தாயின் கூலி அவ்வாறு குறைவதை வீட்டிற் கண்ட பிள்ளை அவன். ஆதலால் நான் சிரிக்கவில்லை. பல பாடநூல்கள் கூறாத ஒன்றை அவன் ஒரே சொல்லிற் கூறிவிட்டான்.

ஆள் பெயரைப் பறவைக்கு இடுவது தகுமா என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. அமெரிக்கப் பறவையியற் சங்கத்தார் 2023 நவம்பரில், தம் அதிகாரத்துக்கு உட்பட்ட ஆங்கிலப் பெயர்களுள் ஆள் பெயர் தாங்கியவற்றை மாற்றுவதாக அறிவித்தனர். விஞ்ஞானப் பெயர்களோ, பொருத்தம் இன்மை ஒன்றையே காரணமாகக் காட்டி மாற்றத்தக்கன அல்ல. அவ்விதியைக் குறைகூற இடமுண்டு. ஆயின், தோட்டத் துரையின் பெயரைக் காக்கும் அவ்விதியே முத்துவின் பெயரையும் காக்கின்றது. பெயர்களை அழிப்பதனால் அன்று, அவற்றை விளங்கப் படிப்பதனாலேயே வரலாறு நேர்மை பெறும் என்பது என் கருத்து.

புதிய பெயர்கள் இடும் வாய்ப்பும் முடிந்துவிடவில்லை. சிங்கராஜ வனத்தில் 2001இல் தீபால் வரகாகொட என்னும் இலங்கையர் கண்ட சிறிய ஆந்தை ஒன்றுக்கு 2004இல் 'தீலோகொவ்மன்னி' என்று பெயரிடப்பட்டது. அவ்வனத்தை அழிவிலிருந்து காக்க உழைத்த தீலோ கொவ்மனின் நினைவாக இடப்பட்ட பெயர் இது. கண்டவரும் இந்நாட்டவர்; பெயருக்கு உரியவரும் இந்நாட்டுக் காட்டுக்காக உழைத்தவர். நூறாண்டுகளுக்கு முன் இருந்த நிலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிந்திக்கற்பாலது.

மாணவர்கள் இலத்தீன் பெயர்களைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஒவ்வொரு பெயரையும் பிரித்துப் பொருள் காண்க. இட்டவர் யார், எவ்வாண்டில் இட்டார், பறவையைத் தேடிக் கொணர்ந்தவர் யார் என்று வினவுக. அத்துடன், தத்தம் ஊரில் முதியோர் பறவைகளுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர்களையும், அவற்றைச் சொன்னவர் முழுப்பெயரோடும் ஊரோடும் குறித்து வைத்தல் நன்று. அடுத்த முறை ஒருவரது பெயர் ஏட்டில் ஏறும்போது, அது அரைப்பேராய் நின்றுவிடாது.