பாழ்நிலமும் அறக்கணக்கும்

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் ஒரு புதிய பாடம் நடந்தது. அணுகுண்டு விழுந்தால் மேசைக்கடியில் குனிந்து தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்பதே அப்பாடம். ஆபத்து வந்ததும் ஓட்டுக்குள் ஒடுங்கும் ஆமை ஒன்றைக் காட்டி, அரசின் சார்பில் எடுக்கப்பட்ட குறும்படம் ஒன்று சிறுவர்க்கு இதனைக் கற்பித்தது. ஆமை சிரித்த முகத்தோடு இருந்தது. 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் பட்ட பாட்டைச் செய்தித்தாளில் படித்திருந்த பெற்றோர் அச்சிரிப்பை எவ்வாறு ஏற்றனரோ!

அந்த அச்சத்தையும், அதனை மூடிய சிரிப்பையும் ஒருசேர எடுத்துக்கொண்டு 1997ஆம் ஆண்டில் ஒரு கணினி விளையாட்டு தோன்றியது. ஃபால்அவுட் என்பது அதன் பெயர். அணுகுண்டு வெடித்தபின் வானினின்று இறங்கிப் படியும் நச்சுத் துகளை அச்சொல் குறிக்கும். அதன் கதைப்படி 2077ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் உலகப் பெரும் போர் மூண்டு, இரண்டே மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மண்ணுக்கடியில் கட்டப்பட்ட நிலவறைகளில் புகுந்தோர் சிலர் பிழைக்கின்றனர். பல தலைமுறை கழித்து அவர்தம் வழித்தோன்றல் ஒருவர் கதவைத் திறந்து பாழ்நிலத்துக்குள் அடி வைக்கிறார். அவருடைய கண்ணும் கையும் ஆடுபவருடையவை. அரசில்லை, காவலில்லை, நீதிமன்றமில்லை. அந்நிலையில் ஒருவர் என்ன செய்வார் என்பதே ஆட்டம்.

இவ்வகை ஆட்டத்தின் வேர் கணினியில் இல்லை. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தாளும் பகடையும் கொண்டு ஆடப்பட்டது. ஒருவர் நடுவராக அமர்ந்து கதை சொல்ல, மற்றவர் வீரராகவும் மந்திரவாதியாகவும் பாத்திரம் ஏற்றனர். வீரன் ஒருவன் தவறிழைத்தால் எதிரே அமர்ந்திருந்த நடுவர் அதனைக் கண்டார், எடை போட்டார், தண்டித்தார். ஆட்டம் கணினிக்கு இடம் பெயர்ந்தபோது அந்த மனிதக் கண் இல்லாமற் போயிற்று. அதன் இடத்தில் எதை வைப்பது? கணினிக்குத் தெரிந்தது எண் ஒன்றே. ஆகவே, நல்லதுக்கு இத்தனை கூட்டு, தீயதுக்கு இத்தனை கழி என்னும் கணக்கு வந்து சேர்ந்தது.

அக்கணக்கை முதன்முதலில் ஆட்டத்தின் உயிராகவே ஆக்கியவர்களுள் ரிச்சர்ட் கேரியட் குறிப்பிடத்தக்கவர். 1985இல் வெளிவந்த அவருடைய ‘அல்டிமா’ வரிசையின் நான்காம் ஆட்டத்தில் கொல்ல வேண்டிய கொடிய அரசன் எவனும் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி முதலிய எட்டு நற்பண்புகளை அடைந்து ‘அவதாரம்’ ஆவதே இலக்கு. இந்தியச் சமயச் சொல் ஒன்று அமெரிக்கச் சிறுவர்தம் நாவில் புகுந்தது இவ்வாறே. அந்த ஆட்டத்தில் மூலிகை விற்கும் வணிகர்க்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு கொடுப்பது என்பதை ஆடுபவரே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் வணிகர் அறியார். சரக்கு கைக்கு வந்துவிடும். ஆனால் கணினி அறியும். வாய்மையின் கணக்கில் ஓசையின்றிக் கழித்துக்கொண்டு, நெடுந்தொலைவு சென்றபின் காரணம் காட்டாமலே கதவடைக்கும். குருடரை ஏமாற்றிய சிறுவன் எத்தனை நாள் கழித்து அதனை நினைவுகூர்ந்திருப்பான்! அந்தக் கணக்கு மறைவாக இருந்ததனாலேயே அதற்கு வலிமை இருந்தது.

ஃபால்அவுட் அந்தக் கணக்கை வெளிப்படையாக்கி, அதற்குக் ‘கர்மா’ என்று பெயரும் சூட்டியது. வினை என்று தமிழர் அறிந்த பொருளுக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. செய்த வினை செய்தவனை விடாது தொடரும் என்பது நம் வழக்கு. அதை மற்றொரு வினையால் கழித்துக் கட்ட இயலாது. ஆட்டத்தின் கர்மாவோ வணிகரின் பற்று வரவு ஏடு. பற்றை வரவு அழித்துவிடும்.

முதல் ஆட்டத்தைத் தொடங்கியவர் டிம் கெய்ன். இன்டர்பிளே என்னும் நிறுவனத்தில் 1994இல் தனியொருவராகவே பணியைத் தொடங்கினார். அதே நிறுவனம் 1988இல் உருவாக்கிய ‘வேஸ்ட்லேண்ட்’ என்னும் பாழ்நில ஆட்டம் அதற்கு முன்னோடி. முதல் ஃபால்அவுட்டின் பெருமை கர்மா எண்ணில் இல்லை. முடிவில் காட்டப்படும் படங்களில் உள்ளது. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் ஊரும் பின்னாளில் என்ன ஆயிற்று என்று ஒரு குரல் எடுத்துரைக்கும். ஆடுபவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டு மறந்த ஒரு செயல், அங்கே ஓர் ஊரின் வரலாறாகத் திரும்பி வரும்.

ஜங்க்டவுன் என்னும் ஊரின் செய்தி ஈண்டு நோக்கத்தக்கது. அவ்வூரில் நேர்மையான காவல் தலைவர் கில்லியனுக்கும், சூதாட்ட விடுதி நடத்தும் கிஸ்மோவுக்கும் பகை. ஆடுபவர் ஒருவர் பக்கம் நின்றாக வேண்டும். ஆக்கியோர் முதலில் எழுதிய முடிவு வேறு. நேர்மையாளர் வென்றால் சட்டம் இறுகி ஊர் தேயும். சூதாடி வென்றால் பணம் புழங்கி ஊர் செழிக்கும் என்று அவர்கள் வகுத்திருந்தனர். வெளியிடுமுன் அது மாற்றப்பட்டது. விற்பனைக்கு வந்த ஆட்டத்தில் நல்லவர் வென்றால் ஊர் நன்றாயிற்று. தீயவர் வென்றால் கெட்டது. மாற்றியதால் ஆடுபவர் மனநிறைவு பெற்றார். ஆட்டம் ஓர் அரிய வினாவை இழந்தது.

ஆயினும் அதே ஆட்டத்தின் இறுதிக்கட்டம் ஈடிணையற்றது. ‘மாஸ்டர்’ எனப்படும் பகைவன் வெறும் அரக்கன் அல்லன். ஒரு கொள்கை உடையவன். மாந்தர் பல இனமாய்ப் பிரிந்து நிற்பதாலேயே போர் வந்தது. ஆகவே அனைவரையும் நச்சுயிரியில் தோய்த்து, கதிரியக்கம் தாங்கும் ஒரே இனமாக மாற்றிவிட்டால் போரே இராது என்பது அவன் வாதம். அவனைச் சுட்டும் வெல்லலாம். ஆனால் வேறொரு வழியும் உண்டு. அவன் படைத்த புதிய இனத்தார் மலடர், பிள்ளை பெறார். அச்சான்றை ஆய்வுக்கூடத்திலிருந்து தேடிக் கொணர்ந்து அவன்முன் வைத்தால் அவன் மறுக்கிறான். பின் உண்மை உணர்கிறான். தான் செய்த கொடுமை அனைத்தும் வீண் என்று அறிந்து, ஆடுபவரைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டுத் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறான். கொள்கை வெறியனை ஓர் உண்மைச் செய்தியால் வெல்வது ஆட்டங்களில் அருமை. மெய்வாழ்வில் அதனினும் அருமை.

1998இல் இரண்டாம் ஆட்டம் வந்தது. ஐரோப்பியப் பதிப்புகளில் சிறுவரைக் கொல்லும் தீச்செயலுக்கு இடந்தரக் கூடாது என்று சிறுவர் உருவங்களையே மறைத்துவிட்டனர். விளைவு நகைப்புக்கிடமானது. உருவம் மறைந்ததே தவிரச் சிறுவர் மறையவில்லை. ஓர் ஊரில் கண்ணுக்குத் தெரியாத பிள்ளைகள் ஆடுபவரின் பையிலிருந்து பொருளைத் திருடிக்கொண்டே இருந்தனர்.

பின்னர் உரிமை பெதஸ்டா என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறி, மூன்றாம் ஆட்டம் 2008இல் வெளியாயிற்று. களம், இடிந்து கிடக்கும் வாஷிங்டன் நகரம். அதன் அருகே மெகாடன் என்னும் தகரக் கொட்டகை ஊர், வெடிக்காத அணுகுண்டு ஒன்றைச் சுற்றி எழுந்திருக்கிறது. அக்குண்டை வழிபடும் கூட்டமும் அங்குண்டு. அதனைச் செயலிழக்கச் செய்யுமாறு ஊர்த்தலைவர் கேட்கிறார். வெடிக்கச் செய்தால் அதனினும் மிகுதியாகக் கூலி தருவதாகக் கோட்டுப் போட்ட ஒருவர் மதுக்கடை மூலையில் அமர்ந்து சொல்கிறார். காரணம் என்ன? தொலைவில் மாடமாளிகையில் வாழும் டென்பென்னி என்னும் செல்வருக்கு அவ்வூர் கண்ணுக்கு உறுத்தலாக இருக்கிறதாம்!

இது பெருந்தேர்வு என்று பலராலும் பேசப்பட்டது. உண்மையில் இதில் தேர்வு என்பதே இல்லை. ஓர் ஊரைக் கொளுத்துவதா, காப்பதா என்பது எந்த மனச்சான்றையும் தடுமாற வைக்கும் வினா அன்று. கொளுத்தியவர் கணக்கில் பெரும்பழி ஏறும். ஆனால் நகர்ப்புறத்தே தாகத்தால் வாடும் இரவலருக்குத் தூய நீர்க்குப்பிகளை மீண்டும் மீண்டும் கொடுத்தால் அப்பழி குறைந்துகொண்டே வந்து, கொளுத்தியவர் நல்லவர் வரிசையில் சேர்ந்துவிடலாம். பற்று வரவு ஏடு தன் இயல்பைக் காட்டிவிட்டது. எண்ணுக்கு அப்பால் அவ்வாட்டத்தில் மனத்தைத் தைப்பவை இரண்டே. ஒன்று, பின்னாளில் மகனைச் சந்திக்கும் தந்தை அச்செயலை அறிந்து வருந்திப் பேசும் சொற்கள். மற்றொன்று, அவ்வூர்க் கடைக்காரி மொய்ரா வெந்து உருக்குலைந்த தோலோடு உயிர் பிழைத்து எதிரே வந்து நிற்பது.

ஜப்பானியப் பதிப்பில் குண்டை வெடிக்கும் வழியே நீக்கப்பட்டது. கூலி பேசும் ஆளும் அங்கே இல்லை. நாகசாகியில் விழுந்த குண்டின் பெயரைத் தாங்கிய ஆயுதம் ஒன்றுக்கும் வேறு பெயர் இடப்பட்டது. மற்ற நாட்டார்க்குக் கற்பனையாக இருந்த தேர்வு அந்நாட்டார்க்கு நினைவாக இருந்தது.

டென்பென்னியின் மாளிகை இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றைத் தந்தது. கதிரியக்கத்தால் உருக்குலைந்தும் அறிவு மாறாது வாழ்வோரை அம்மாளிகையார் உள்ளே விடுவதில்லை. அவர்கள் தலைவன் ராய் பிலிப்ஸ் உரிமை கேட்டு வாயிலில் நிற்கிறான். குடியிருப்போரிடம் நயமாகப் பேசி இணங்க வைத்தால் நல்வினை மதிப்பெண் கிடைக்கும். சில நாள் கழித்துத் திரும்பிச் சென்றால் பழைய குடியினர் ஒருவரையும் காணோம்; அனைவரும் கொல்லப்பட்டுவிட்டனர். ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசியது தவறா? ஒருவனுடைய நியாயத்தைக் கண்டவர் அவன் உள்ளத்தைக் காணத் தவறினாரா? வினா நல்ல வினா. ஆனால் கொலைக்குப் பழிவாங்க ராயைக் கொன்றால் ஆடுபவர்க்கே தீவினை மதிப்பெண் விழுகிறது! ஆக்கியோரின் கதை ஒன்று சொல்ல, அவர்களுடைய கணக்கு மற்றொன்று சொல்லிற்று.

இப்பிழையை உணர்ந்து திருத்தியது 2010இல் வந்த ‘நியூ வேகாஸ்’. முதலிரு ஆட்டங்களை ஆக்கியோருட் சிலர் 2003இல் தோற்றுவித்த ஆப்சிடியன் நிறுவனம் இதனைச் செய்தது. கர்மா பெயரளவில் இருந்தது. உண்மையான கணக்கு வேறானது. ஒவ்வோர் ஊரும் ஒவ்வோர் அணியும் ஆடுபவரைப் பற்றித் தனித்தனியே கருத்துக் கொண்டன. புகழ் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம் எனத் தனித்தனியே ஏறின. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. பத்துப் பேரைக் காத்தவர் ஒருவரைக் கொன்றால் காத்ததும் கொன்றதும் இரண்டுமே நினைவில் நின்றன. பெயரை உதறிய இடத்தில்தான் ஆட்டம் வினைக் கொள்கையை நெருங்கிற்று.

அறத்தேர்வு அங்கே அரசியல் தேர்வாக வளர்ந்தது. கொலராடோ ஆற்றின் குறுக்கே 1930களில் கட்டப்பட்ட ஹூவர் அணைக்காகக் குடியரசு ஒன்றும் அடிமைப் படை ஒன்றும் மோதுகின்றன. குடியரசில் வாக்குரிமை உண்டு. வரிச்சுமையும், நிலப்பசியும், மறைக்க விரும்பும் படுகொலையும் உண்டு. சீசர் என்பான் தலைமையிலான படை மாந்தரைச் சிலுவையில் அறையும்; ஆயினும் அதன் எல்லைக்குள் வணிகர் கள்வரை அஞ்சாது செல்வர். நகரை ஆளும் ஹவுஸ் என்பார் கூர்மதியர். எவரையும் கேட்டு ஆள்பவர் அல்லர். மூவரையும் ஒதுக்கித் தனியாட்சி நிறுவவும் வழியுண்டு. அதற்குத் துணை நிற்கும் இயந்திரமோ எதற்கும் ஆம் என்றே சொல்லும். எவரைத் தேர்ந்தாலும் முடிவுப் படங்களில் ஏதோ ஓர் ஊர் அழும். ஜங்க்டவுனில் விடப்பட்ட வினா பதின்மூன்று ஆண்டு கழித்து மீண்டு வந்தது. (2015இல் வந்த நான்காம் ஆட்டம் கர்மாவை அறவே நீக்கிவிட்டது, ஆனால் உரையாடலையும் சுருக்கிவிட்டதால் எய்தியது குறைவே.)

நியூ வேகாஸில் பதினோராம் நிலவறை என்று ஓரிடம் உண்டு. கதையின் பெரும்போக்கோடு அதற்குத் தொடர்பு சிறிதே. உள்ளே உயிருள்ள மாந்தர் ஒருவரும் இல்லை. நுழைவாயிலில் எலும்புகளும், ஓர் ஒலிப்பதிவும் கிடக்கின்றன. ஐவர் ஏதோ சொல்லி வாதிடும் குரலும் துப்பாக்கி வெடியும் கேட்கின்றன, ஒன்றும் விளங்குவதில்லை. சுவரெங்கும் தேர்தல் சுவரொட்டிகள். ஆனால் எல்லாம் தலைகீழ். தமக்கு வாக்களிக்க வேண்டா என்று வேட்பாளர் மன்றாடுகின்றனர். எதிராளியைத் தூற்றி, அவருக்கே வாக்களியுங்கள் என்கின்றனர்.

பழைய கணினிகளிலுள்ள குறிப்புகளைப் படிக்கப் படிக்கச் செய்தி விளங்குகிறது. ஆண்டுக்கு ஒருவரைப் பலியிட வேண்டும். மறுத்தால் நிலவறையில் உள்ளோர் அனைவரும் மடிவர் என்று அங்குள்ள இயந்திரம் கூறியிருக்கிறது. யாரைப் பலியிடுவது என்பதை மக்கள் வாக்கெடுத்து முடிவு செய்தனர். மேற்பார்வையாளராகத் தேர்வு பெறுபவரே பலி என்பது வழக்காயிற்று. காலப்போக்கில் அணிகள் தோன்றின. வாக்குகளைக் கையில் வைத்திருந்த அணி அச்சத்தை விலைக்கு விற்றது. நீதி அணி என்பதே அதன் பெயர்! தன் கணவனைக் காக்க வேண்டி கேத்தரின் ஸ்டோன் என்னும் பெண் அவ்வணியினர் கேட்ட இழிந்த விலையைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அவனையே வேட்பாளராக்கினர். அவள் அவ்வணியினரை ஒவ்வொருவராகக் கொன்றாள். கொலைகாரியை ஊர் தேர்ந்தெடுக்கும் என்று அவளுக்குத் தெரியும்; அவ்வாறே மேற்பார்வையாளரானாள். சாகுமுன் அவள் இட்ட ஆணை ஒன்றே: இனி வாக்கெடுப்பு வேண்டா, குடவோலை எடுப்பதுபோல் கணினியே குலுக்கி ஒருவரைச் சொல்லட்டும். அச்சம் அனைவர்க்கும் சமமாகப் பகிரப்பட்டதை அணி பொறுக்கவில்லை. ஆயுதம் ஏந்தியது. போரின் முடிவில் ஐவரே எஞ்சினர்.

அந்த ஐவரும் இனி எவரையும் பலியிடோம், வருவது வரட்டும் என்று இயந்திரத்திடம் கூறினர். இயந்திரம் அவர்களைக் கொல்லவில்லை, பாராட்டியது. மறுப்பார்களா என்று காண்பதற்கே இத்தனையும் ஏற்படுத்தப்பட்டன. கதவு திறந்திருக்கிறது, போகலாம் என்றது.

இங்கே ஆடுபவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. காக்க ஆளில்லை; தண்டிக்கவும் ஆளில்லை. மதிப்பெண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பலிக்கூடத்துக் காவல் இயந்திரங்களை வென்று, சுவரொட்டிகளைக் கடந்து மேலே வருகிறார். வாயிலில் அதே எலும்புகள் கிடக்கின்றன. முதலில் கேட்டபோது விளங்காத அந்த ஐவரின் குரல் இப்போது ஒவ்வொரு சொல்லாக விளங்குகிறது.