திருகோணமலை: துறையும் தெருவும்

ஒரு நகரின் வரலாற்றை அதன் கோட்டைகளில் மட்டுமன்றித் தெருக்களிலும் காணலாம். ஆள்வோர் மாறுவர், கொடி மாறும், ஒருமுறை வகுத்த தெருவோ எளிதில் மாறுவதன்று. திருகோணமலை இதற்குத் தக்க சான்றாகும்.

பழைய நகர் உட்டுறைமுகத்துக்கும் கீழைக்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது. கரையிலிருந்து மறுகரைக்குச் சிறிது நேர நடையிற் சென்றுவிடலாம். ஆயின் அதன் இரு புறங்களையும் படைத்தேவை அடைத்துவிட்டது. போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோணேசர் கோயிலை இடித்து அதன் முனையிற் கோட்டை கட்டினர். அது 1639இல் ஒல்லாந்தர் வசமும், 1795இல் ஆங்கிலேயர் வசமும் ஆயிற்று. ஆங்கிலேயர் வளர்த்த கடற்படைத்தளம் 1957இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் படைநிலமாகவே உள்ளது. சீனன்குடாவில் அவர்கள் நிறுவிய எண்ணெய்த் தாங்கிகளும் பெருநிலத்தை அடக்கிக்கொண்டன. இவற்றினூடே நகரின் தெருக்கள் எளிதிற் படர இயலவில்லை.

எனவே, நகர் வளர்ந்தபோது நிலாவெளி வீதியையும் கண்டி வீதியையும் பற்றிப் படர்ந்தது. இத்தகைய வளர்ச்சியில் ஓர் இடருண்டு. பெருவீதியிலிருந்து கிளைக்கும் ஒழுங்கைகள் தம்முள் இணையாது முடிந்துவிடின், அயல்வீட்டுக்குச் செல்வோரும் பெருவீதியைச் சுற்றியே செல்லல் வேண்டும். நடப்போர் குறைவர், வண்டிகள் பெருகும். 1975இன் பின் உலகின் பல நாடுகளிலும் புதிய தெருக்கள் இவ்வாறு இணைப்புக் குன்றி வந்தமையை 2020இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

இணைப்பின் அருமையைக் கிண்ணியா மக்கள் நன்கறிவர். நகரை நேரே அடைய அவர்கள் நெடுங்காலம் 'பாதை' எனும் மிதவையையே நம்பியிருந்தனர். 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை அவ்வூர் மருத்துவமனையை அழித்தபோதும் அவ்விடத்திற் பாலம் இல்லை. 2009இல் ஏறத்தாழ நானூறு மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டதன் பின்னரே கடவைக்குக் காத்திருத்தல் ஒழிந்தது.

பாலம் அமைத்தற்குப் பெரும்பொருள் வேண்டும். ஒழுங்கையின் இரு முனைகளையும் திறந்துவைத்தற்கோ, காணி பிரிக்கும் நாளிற் சிறிது முன்னறிவு போதும். வீடுகள் எழுந்தபின் அது பெரும்பாலும் இயலாது. கடல் பெருகும் நாளில், கரையிலிருந்து உள்நாடு நோக்கி ஓடும் மக்களுக்கு முடிவுற்ற ஒழுங்கை உயிர்க்கேடாகும். நம் முன்னோர்க்கு வழியை அடைத்தது பிறர் படை. இனி அதனை அடைப்பது நம் கவனக்குறைவாக இருத்தலாகாது.