மசாலா ஆய்வு

அமெரிக்கவாழ் தெற்காசியர்களின் இதயநோயை ஆராயும் நெடுங்கால ஆய்வு. சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் 2010-இல் தொடங்கியது. இதயநோய் இல்லாத, 40 முதல் 84 வயதுவரையிலான 906 பேர் முதலில் சேர்ந்தனர். மற்ற இனத்தவரைவிடத் தெற்காசியர்களுக்குச் சர்க்கரைநோய் மிகுதி, கல்லீரலில் கொழுப்பும் அதிகம் என்று இது காட்டியது. எடை குறைவாக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு என்பதால், ஒல்லியாக இருக்கிறோம் என்று நிம்மதியடைய இடமில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2015-இல் ஆசிய வம்சாவளியினருக்குச் சர்க்கரைநோய்ப் பரிசோதனை தொடங்கும் உடல் நிறை எண்ணை 25-இலிருந்து 23-ஆகக் குறைத்தது.

தெற்காசியர்களுள் சைவ உணவினருக்கு வைட்டமின் பி12 குறைபாடு தனிக் கவலை: கீரையிலும் பருப்பிலும் பி12 இல்லை, பாலும் தயிரும் ஓரளவே தரும். சர்க்கரைநோய் மருந்தான மெட்ஃபார்மினை நெடுநாள் உட்கொண்டால் பி12 மேலும் குறையலாம். அம்மருந்தை உட்கொள்ளும் சைவ உணவினருக்குக் கால் மரத்துப்போனால், சர்க்கரைநோயால் என்று விட்டுவிடாமல் பி12 அளவையும் அவசியம் பார்க்கவேண்டும்.