அறிமுகமில்லாதோர் கூடும் மண்டபம்

புதியவர்களைச் சந்திக்கும்போது தயக்கமின்றிப் பேசுவது எப்படி என்று அறிவுரை கூறும் நூல்களுக்குக் குறைவில்லை. நிமிர்ந்து நில்லுங்கள், புன்னகை செய்யுங்கள் என்று அவை உபதேசிக்கின்றன. தன்னம்பிக்கை என்பது தனிமனிதரின் சொந்தச் சொத்து, அது இல்லாதவர் தேடிக்கொள்ள வேண்டும் என்பதே அவற்றின் அடிப்படை எண்ணம். மணமாகாத ஆண்களும் பெண்களும் சந்திப்பதற்கென நடத்தப்பட்ட கூட்டங்களின் வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது.

18ஆம் நூற்றாண்டில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் பாத் நகருக்குப் பல ஊர்களிலிருந்தும் செல்வந்தக் குடும்பங்கள் வந்து தங்கின. வரன் தேடுவதும் அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. முன்பின் அறியாத பெண்ணிடம் ஓர் ஆண் தானாகச் சென்று பேசுவது அக்கால மரியாதைக்கு ஒவ்வாதது. எனவே நடன மண்டபங்களில் வைபவத் தலைவர் ஒருவர் இருந்தார். அவர்களுள் புகழ்பெற்றவர் போ நாஷ் என அழைக்கப்பட்ட ரிச்சர்ட் நாஷ். புதிதாக வந்தோரை வரவேற்று, ஒருவரையொருவர் அறிமுகப்படுத்தி, நடனத்துக்குச் சோடி சேர்ப்பது அவர் பணி. மண்டபத்தினுள் வாள் அணிவதையும் அவர் தடைசெய்தார். ஜேன் ஒஸ்ரினின் 'நோர்தாங்கர் அபே' நாவலின் நாயகனும் நாயகியும் அறிமுகமாவது பாத் நகரின் அத்தகைய வைபவத் தலைவர் ஒருவர் மூலமே. கூச்சமுள்ளவருக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. முதல் வார்த்தையைப் பேசும் சுமை அவர் தலையில் இருக்கவில்லை.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 1983 ஓகஸ்ட் 14ஆம் திகதி பிரதமர் லீ குவான் யூ ஆற்றிய தேசிய தின உரை அந்நாட்டை உலுக்கியது. 1980ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை எடுத்துக்காட்டி, பட்டதாரிப் பெண்கள் பலர் மணமாகாமலே இருக்கின்றனர், பட்டதாரி ஆண்கள் தம்மிலும் குறைந்த கல்வியுடைய பெண்களை மணக்கின்றனர், இதனால் நாட்டின் அறிவாற்றல் குன்றும் என்று அவர் வாதிட்டார். திருமணம் அரசாங்கத்தின் கவலையாயிற்று.

1984 ஜனவரியில் 'சமூக அபிவிருத்திப் பிரிவு' பிறந்தது. எஸ்.டி.யூ. என்ற ஆங்கில எழுத்துகளால் அறியப்பட்ட இப்பிரிவு, பட்டதாரிகளுக்காகத் தேநீர் நடன விருந்துகளையும் கப்பல் சுற்றுலாக்களையும் ஒழுங்குசெய்தது. கணினி வழியே பொருத்தம் பார்த்தது. பழகும் முறை பற்றிய வகுப்புகளையும் நடத்தியது. பட்டதாரிகள் அல்லாதோருக்கென 1985இல் தனிப் பிரிவு அமைந்தது. மனிதரைக் கல்வித் தராதரத்தால் இரண்டாகப் பிரித்த இந்த ஏற்பாடு அன்றே கசப்பை விதைத்தது.

ஊரார் வாயை அரசாங்கத்தால் மூட முடியவில்லை. எஸ்.டி.யூ. என்ற மூன்று எழுத்துகளுக்கு 'தனியர், தவிப்பவர், அழகற்றவர்' என்று பொருள்படும் ஆங்கில விரிவாக்கம் ஒன்று நகைச்சுவையாகப் பரவியது. தன்னைத் தேசத்தின் பிரச்சினை எனப் பிரதமரே கூறக் கேட்ட ஒரு பெண், அத்தகைய விருந்துக்குள் எந்த முகத்துடன் நுழைவாள்? நடனம் கற்பிக்கலாம், உரையாடக் கற்பிக்கலாம். ஆனால் வாசலில் ஒட்டப்பட்ட முத்திரையை வகுப்புகளால் அழிக்க இயலாது. 1984 டிசம்பர் பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு வீதம் சுமார் 13 புள்ளிகள் சரிந்தது. பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை அனுமதியில் முன்னுரிமை வழங்கும் திட்டம் உட்பட, இக்கொள்கைகள் மீதான சினமும் அதற்கு ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. அத்தேர்தலில் எதிர்க்கட்சி வென்ற இரு ஆசனங்களுள் ஒன்றைக் கைப்பற்றியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே.பி. ஜெயரத்தினம் என்பதும் குறிப்பிடத்தக்கது.

1998இல் அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸை அடுத்த பெவர்லி ஹில்ஸில், யாக்கோவ் டேயோ என்ற யூத மதகுரு தம் சமூகத்து இளைஞர்களுக்காக வேறொரு முறையை வகுத்தார். கோப்பிக் கடையொன்றில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே அமர்ந்து சில நிமிடங்கள் பேசுவர். நேரம் முடிந்ததும் அடுத்தவரிடம் செல்வர். மீண்டும் சந்திக்க விருப்பமா என்பதை எவருக்கும் முகத்தெதிரே கூற வேண்டியதில்லை. அட்டையில் குறித்தால் போதும். இருவரும் விரும்பினாலே தொடர்பு ஏற்படுத்தப்படும். பேச்சைத் தொடங்குவது, முடிப்பது, மறுப்பது என்ற மூன்று அச்சங்களையும் விதிகளே சுமந்தன. 'ஸ்பீட் டேற்றிங்' எனப் பெயர்பெற்ற இம்முறை சில ஆண்டுகளுக்குள் பல நாடுகளுக்குப் பரவியது.

பாத் நகரில் ஒரு மனிதரும் பெவர்லி ஹில்ஸில் ஒரு மணிக்கூடும் செய்த வேலையைச் சிங்கப்பூரின் அமைப்பாற்றல் மிக்க அரசாங்கம் எளிதாகச் செய்திருக்கலாம். அது தடுமாறியமைக்குக் காரணம், வந்தவரை விருந்தினராகவன்றிக் குறைபாடுடையவராக நோக்கியமையே. இரு பிரிவுகளும் 2009இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. பட்டதாரி, பட்டதாரியல்லாதோர் என்ற வேலி அவ்வாறு அகல 24 ஆண்டுகள் பிடித்தன.

கூட்டமொன்றின் மூலையில் எவரேனும் பேசாமல் நின்றால், அவருக்குத் துணிவில்லை என்று சொல்வதற்கு முன், அவரை அறிமுகப்படுத்த வேண்டியவர் எங்கே போனார் என்று கேட்பதே முறை.