சலவைக் கூலியின் சரித்திரம்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இருவர் சந்தித்தால், மழையையும் மின்சார ரயில் நெரிசலையும் பற்றிப் பேசி முடித்தபின் விலைவாசிக்கு வருவது வழக்கம். அப்பேச்சில் இப்போது அடிக்கடி இடம்பெறுவது பட்டுப்புடைவையை ‘டிரை கிளீனிங்’ செய்ய ஆகும் செலவு. கலியாணத்துக்கு ஒரு நாள் கட்டிய காஞ்சிபுரம் புடைவையை வெளுத்து வாங்கும் பணத்தில் ஒரு நூல் புடைவையே எடுத்துவிடலாம் என்று குறைப்படாத குடும்பம் அரிது. குறை நியாயமானதே. ஆயினும் துணி வெளுக்கும் வேலை என்றைக்காவது உண்மையில் மலிவாக இருந்ததா என்று சரித்திரத்தைக் கேட்டுப் பார்ப்பது நன்று.

குறுந்தொகையிலும் நற்றிணையிலும் ஆடை வெளுக்கும் பெண்ணைக் காண்கிறோம். புலைத்தி என்பது அவள் பெயர். துணியைக் கஞ்சிப் பசையில் தோய்த்துக் குளத்தில் அலசுகிறாள். ஊரில் விழா வந்தால் அவள் கைக்கு ஓய்வில்லை. பெரிய புராணத்தில் வரும் திருக்குறிப்புத் தொண்டரோ, பட்டுக்குப் பேர்போன காஞ்சியிலேயே வாழ்ந்த வண்ணார். அடியாரின் கந்தையை வெளுத்துத் தர வாக்களித்த நாளில் மழை விடவில்லை. துணி உலராதது கண்டு துவைக்கும் கல்லிலே தலையை மோதிக்கொள்ள முற்பட்டார் என்பது வரலாறு. குறித்த நேரத்தில் துணியைத் திருப்பித் தருவது பற்றிய கவலை இத்தொழிலுக்கு எவ்வளவு பழையது, பாருங்கள்!

கிராமத்தில் வண்ணாருக்குக் காசு கொடுக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. களத்தில் நெல் அளக்கும்போது ஒரு பங்கு, மாலையில் வீடுதோறும் சோறு, கலியாணத்திலும் இழவிலும் சில உரிமைகள் என்றே ஊதியம் அமைந்திருந்தது. இவற்றுக்கு ஈடாக அவர் உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, துறைக்கல்லில் அடித்து, சேங்கொட்டை மையால் வீட்டுக்கு ஒரு குறியிட்டு, துணி மாறாமல் கொண்டுவந்து சேர்ப்பார். காசு கைமாறாததால் இது நமக்குச் செலவாகவே தோன்றவில்லை. செலவை அவரே ஏற்றார். உடம்பால் மட்டுமன்று, மானத்தாலும் ஏற்றார். தாழ்த்தப்பட்டோரின் துணிகளை வெளுத்த புதிரை வண்ணார் திருநெல்வேலிச் சீமையில் பகலில் பிறர் கண்ணில் படலாகாது என்று ஒடுக்கப்பட்டதை 1930-களின் பதிவுகள் கூறுகின்றன. அவர்களுக்கெனத் தமிழக அரசு ஒரு நல வாரியம் அமைத்தது 2009-ஆம் ஆண்டிலேதான். தாராவியின் தமிழருள் பலருடைய பூர்வீகம் அந்தச் சீமையே என்பதால், இதைத் தொலைவிலுள்ள செய்தியாக நாம் கருத முடியாது.

காசுக் கூலி நகரத்தோடு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடமே சென்னையின் வண்ணாரப்பேட்டை. மும்பையிலும் அவ்வாறே ஒரு குளம் தோபி தலாவ் எனப் பெயர் பெற்றது. குளம் தூர்ந்து போயிற்று, பெயர் மட்டும் இருக்கிறது. பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மகாலட்சுமி ரயில் நிலையத்தருகே கல்தொட்டிகளுடன் பெரிய சலவைத்துறை எழுந்தது. வெளிநாட்டார் இன்று பாலத்தின்மேல் நின்று அதைப் படம் பிடிக்கிறார்கள். இடுப்பளவு நீரில் நிற்பவருக்கு அது காட்சியன்று.

இனி உலர் சலவைக்கு வருவோம். இப்பெயரே சிறிது ஏமாற்றுவது. துணி இங்கும் நனைகிறது, ஆனால் நீரில் அன்று. நியூயார்க்கில் தாமஸ் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பினத் தையற்காரர் இத்தகைய ஒரு முறைக்கு 1821-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பர் அவரே என்பர். ஈட்டிய பொருளை அடிமை ஒழிப்பு இயக்கத்துக்குச் செலவிட்டார். பாரிஸில் ஜோலி என்பவர், மேசைவிரிப்பில் விளக்கெண்ணெய்க் குப்பி கவிழ்ந்த இடம் மட்டும் வெளுத்திருக்கக் கண்டு இத்தொழிலைத் தொடங்கினார் என்று ஒரு கதை வழங்குகிறது. குப்பியில் இருந்தது நம் ஊர் விளக்கெண்ணெய் அன்று, டர்பன்டைன்.

டர்பன்டைனும் பெட்ரோலும் எளிதில் தீப்பற்றுவன. ஆகவே தீப்பற்றாத குளோரின் சேர்மங்களை நாடினர். அவற்றுள் கார்பன் டெட்ராகுளோரைடு ஈரலையும் ஓசோன் படலத்தையும் கெடுப்பது. 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே அது விலக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த பெர்குளோரோஎத்திலீன் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் எனக் கண்டு, உலர் சலவையில் அதனைப் பத்தாண்டுகளில் கைவிடவேண்டும் என அமெரிக்க அரசு 2024 டிசம்பரில் விதித்தது. மலிவாக இருந்த காலத்தில், மீதி விலையை அக்கடைகளில் வேலை செய்தோரின் நுரையீரலும் ஈரலும் செலுத்தின என்றால் மிகையாகாது.

நம் நாட்டுக் கடைகளில் பரவலாக வழங்குவது மினரல் டர்பன்டைன். இது கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பது. செம்பூரை அடுத்த மாஹுலில் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் எழுந்த சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகளை அப்பகுதி நேயர்கள் நாள்தோறும் காண்பவர்களே. வளைகுடாவில் எண்ணெய் விலை ஏறினால் அடுத்த நவராத்திரிக்குள் மாட்டுங்காவின் சலவை ரசீதும் ஏறக் காரணம் இதுவே. கடை வாடகையும் மின்கட்டணமும் உடன் சேருகின்றன. 2002-இல் சேவை வரி உலர் சலவையையும் தொட்டது. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது அது 18 விழுக்காடாயிற்று. ஆண்டு வரவு இருபது லட்சத்துக்கு உட்பட்ட சிறு கடைகளுக்கு இவ்வரி இல்லை. ஆதலால் ரசீதில் வரி கண்டால் கடையின் பதிவு எண்ணும் உள்ளதா என்று பார்ப்பது தவறன்று.

ஏறிய தொகையில் கறை நீக்குபவருக்கும் இஸ்திரி மேசையில் நாள் முழுதும் நிற்பவருக்கும் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதே நம் ஐயம். எண்ணெயும் வாடகையும் வரியும் முந்திக்கொள்கின்றன. கடைக்காரரோடு பேரம் பேசும்போது நாம் குறைக்கச் சொல்வது பெரும்பாலும் இவர்கள் பங்கைத்தான். மற்றவை பேரத்துக்கு இணங்குவன அல்ல.

செலவைக் குறைக்க விரும்புவோர் ஒவ்வொரு முறை கட்டியதும் புடைவையைக் கடைக்கு அனுப்பாமல், நிழலில் காற்றாட உலர்த்தி மடித்து வைக்கலாம். கரை சாயம் விடாத பழைய பட்டைப் பூந்திக்கொட்டை நுரையில் குளிர்ந்த நீரால் அலசும் வீடுகள் இன்றும் உள்ளன. கரையின் ஓரத்தில் ஈரத்துணியால் ஒற்றிச் சோதித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். கலியாணப் பந்தியில் சிந்திய நெய்க்கு மட்டும் பூந்திக்கொட்டை போதாது. அதற்குக் கறையின் இடத்தைக் காட்டி, இன்ன பொருள் சிந்தியது என்றும் சொல்லிக் கடையில் கொடுப்பதே வழி.